ஐவர் ஆட்டத்துக்கு எட்டுப் பேர் எதற்கு?

போன கோடை லீவில் ஐவர் கால்பந்துப் போட்டிக்கு, ஐந்து பேர் போதும்னு போனோம். இரண்டாம் பாதியில் ஓட மூச்சே இல்லை. 4-0 தோல்வி!

பிறகுதான் பி.டி. சார் விளக்கினார். பதினொரு பேர் ஆடும் பெரிய மைதானத்தில், பந்து தள்ளி இருக்கும்போது மூச்சு வாங்கலாம். சின்ன மைதானத்தில் பந்து சுத்திச் சுத்தி நம்மிடமே வரும். 1930-இல் உருகுவேயில் தோன்றிய ஃபுட்சால் என்ற ஐவர் ஆட்டத்தில், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். வெளியே போனவர் திரும்பவும் வரலாம். ஆஃப்சைடு கிடையாது. எதிரணி ஆள் நம் கோல் பக்கத்திலேயே காத்திருப்பாள். அதனால் ஒருத்தி எப்பவும் பின்னாடி நிற்கணும்.

கோல் கீப்பருக்குக் கீழே விழப் பயம் கூடாது. (எங்கள் கீப்பர் கபடிக்காரி!)

ஆள் சேர்ப்பதைவிட வீட்டில் அனுமதி வாங்குவதுதான் கஷ்டம். எங்களில் வேகமாக ஓடுபவள் வீட்டில், "பொம்பளப் புள்ளைக்கு வெயில்ல என்ன ஆட்டம்?" என்றார்கள். பயிற்சி காலை ஆறு மணிக்குத்தான் என்று எல்லோரும் போய்ச் சொன்னோம். இன்னும் பதில் வரவில்லை. இப்போது ஏழு பேர் இருக்கிறோம். எட்டாவது இடம் அவளுக்குத்தான்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி