டேப்லெட்டுக்கு எந்தச் சார்ஜர் ஏற்றது?

நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பயிரிடுவோருக்கும், சின்னாளபட்டியில் தறி நெய்வோருக்கும் டேப்லெட் என்னும் பலகைக் கணினி பயன்படக்கூடிய சாதனமே. பூவின் விலையை விசாரிக்கவும், சேலைக் கரையின் சித்திரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் அது உதவும். ஆனால் அதனுடன் வந்த சார்ஜர் பழுதாகிவிட்டாலும், தோட்டத்தில் மின் இணைப்பு இல்லாவிட்டாலும், கைக்குக் கிடைத்த வேறொன்றைச் செருகலாமா என்ற ஐயம் எழுகிறது. வீணாக அஞ்சினால் தேவையற்ற செலவு நேரும். எதையும் ஆராயாமல் செருகினால் கருவியே போய்விடும். சார்ஜரின் மீது அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் இவ்விரு நஷ்டங்களையும் தவிர்க்கலாம்.

வோல்ட்டும் ஆம்பியரும்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறு மின்சாரம். சார்ஜர் அதனைக் குறைத்து, நேர் மின்சாரமாக மாற்றித் தருகிறது. சார்ஜரின் மீது ‘அவுட்புட்’ என்ற சொல்லுக்கு எதிரே 5 வோல்ட், 2 ஆம்பியர் என்பன போன்ற எண்கள் இருக்கும். வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். ஆம்பியர் என்பது அது பாயும் அளவு. இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட் ஆகும்.

இவற்றுள் வோல்ட் கருவிக்குப் பொருந்தியே தீரவேண்டும். ஆம்பியர் அதிகமாக இருந்தால் கேடில்லை. ஏனெனில் அது சார்ஜர் தரக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. கருவி தனக்கு வேண்டிய அளவையே இழுத்துக்கொள்ளும். கிணற்றில் நீர் எவ்வளவு இருந்தாலும் நாம் இறைக்கும் அளவுதானே வெளியே வருகிறது!

இக்காலத்து வேகச் சார்ஜர்களில் 9, 15, 20 வோல்ட் எனப் பல எண்கள் காணப்படும். அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டைப்-சி முனையுள்ள முறையான சார்ஜர் முதலில் 5 வோல்ட் மட்டுமே தரும். கருவி கேட்டுக்கொண்ட பின்னரே அழுத்தத்தை உயர்த்தும். ஆகவே, டைப்-சி முனையுள்ள மடிக்கணினிச் சார்ஜரை டைப்-சி டேப்லெட்டுக்கும் உபயோகிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கப்படும் கைப்பேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் இம்முனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

உருண்டை முனையுள்ள பழைய சார்ஜர்கள் இவ்வாறு கேட்டறிந்து கொடுப்பவை அல்ல. 12 வோல்ட் டி.வி. பெட்டிச் சார்ஜரின் முனை 5 வோல்ட் டேப்லெட்டின் துளையில் சரியாகப் பொருந்தினாலும் செருகலாகாது. முனை பொருந்துவது வேறு. வோல்ட் பொருந்துவது வேறு.

காலதாமதம் ஏன்?

2010-இல் வெளிவந்த முதல் ஐபேடின் மின்கலம் ஏறத்தாழ 25 வாட்-மணி கொள்ளும். அதனுடன் வந்தது 10 வாட் சார்ஜர். அதில் மூன்று, நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும். கைப்பேசியின் 5 வாட் சார்ஜரில் இருமடங்கு நேரம் பிடிக்கும். சாதாரணக் கணினியின் யு.எஸ்.பி. துளை தருவதோ இரண்டரை வாட். அதில் இணைத்தபோது, திரை எரிந்துகொண்டிருந்தால் ‘சார்ஜ் ஆகவில்லை’ என்றே ஐபேட் காட்டியது. அது பழுதன்று, வரவைவிடச் செலவு மிகுதி என்பதே காரணம். மெலிந்த கேபிளும் வழியிலேயே அழுத்தத்தைக் குறைத்துத் தாமதம் உண்டாக்கும். எனவே புதுச் சார்ஜர் வாங்குமுன் கேபிளை மாற்றிப் பார்ப்பது சிக்கனம்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு யூனிட்டில் இத்தகைய டேப்லெட்டை ஏறத்தாழ 30 முறை நிரப்பலாம்.

மின் இணைப்பு இல்லாத இடங்களில்

பவர் பேங்க் வசதியானது. எனினும் 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்ற எண்ணைக் கண்டு மயங்கலாகாது. உள்ளிருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் அது 37 வாட்-மணி. மாற்றத்தில் நேரும் இழப்புப் போக, மேற்சொன்ன டேப்லெட்டை ஒரு முறை நிரப்பவே போதும்.

டிராக்டரின் மின்கலம் 12 வோல்ட். அதிலிருந்து கம்பியை இழுத்து நேராக இணைத்தல் ஆகாது. 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் வாகனச் சார்ஜர் வேண்டும். ‘12 வோல்ட்’ எனப் பெயரிட்ட சூரியத் தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ 18 வோல்ட் தரும். எனவே அதற்கும் டேப்லெட்டுக்கும் இடையே கட்டுப்பாட்டுக் கருவி இன்றியமையாதது. சூரிய மின் பம்பின் தகடுகள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பின் பல நூறு வோல்ட் இருக்கக்கூடும். அது உயிரைப் போக்கவல்லது. அதில் கைவைக்கவே கூடாது.

பாதுகாப்பு

டேப்லெட்டில் உள்ளது லித்தியம்-அயன் மின்கலம். வெப்பமே அதன் பகை. வெயிலிலோ, துணிக்குள் சுற்றியோ சார்ஜ் செய்தலாகாது. நெசவாளர் வீட்டில் நூலும் பஞ்சும் நிறைந்திருக்குமாதலால், சார்ஜரை நூற்கட்டின் மீது வைக்காமல் கல் தரையிலோ சுவர்ப் பலகையிலோ வைப்பது நலம். டேப்லெட்டின் முதுகு உப்பினால் உடனே சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும். குத்தவோ அழுத்தவோ கூடாது. குப்பையில் எறியாமல் மின்கழிவு பெறுவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

சார்ஜர் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உள்ளனவா எனப் பார்த்து வாங்குக. முத்திரையற்ற மலிவுச் சார்ஜரில் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் கைக்கும் இடையேயுள்ள காப்பு எத்தகையதோ, யாரும் உறுதி கூற இயலாது. சில ரூபாய் லாபத்துக்காக வீட்டையும் தறியையும் பணயம் வைப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.