ராஜாவின் வீடும் தலைவர்களின் காகிதங்களும்

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியே ராஜபாளையம் செல்வோர், 1949 முதல் 1952 வரை சென்னையின் பிரதம மந்திரியாகவும் பின் முதல் மந்திரியாகவும், அதன்பின் ஒரிஸ்ஸா கவர்னராகவும் விளங்கிய பூ. ச. குமாரசுவாமி ராஜா மனமுவந்து தானமளித்த சொந்த இல்லம், இன்று காந்தி கலை மன்றமாக நிற்பதைக் காணலாம். வீட்டைத் தானம் செய்யும் தலைவரே அபூர்வமென்றால், பேரேட்டையும் கடிதக் கட்டையும் பத்திரமாக ஒப்படைப்போர் அதனினும் அபூர்வம்.

ராஜாஜி, சத்தியமூர்த்தி ஆகியோரின் கடிதங்கள் டில்லி தீன்மூர்த்தி பவனத்து நூலகத்தில் உள்ளன. இத்தகைய ஆவணக் காப்பகங்களில் துருவேறிய குண்டூசியை மெல்லக் களைந்து, அமிலமற்ற உறையிலிட்டு, உரியவர் வைத்திருந்த வரிசை கலையாமல் எண்ணிடுவார்கள். எந்தக் கடிதத்தின் பக்கத்தில் எது கிடந்தது என்பதும் சரித்திர சாட்சியம் அல்லவா?

உரியவரே அழிக்கச் சொல்லியும் தப்பிய காகிதங்களும் உண்டு. கனடாவை இருபத்தோராண்டுகளுக்கு மேல் ஆண்ட பிரதமர் மெக்கன்சி கிங், 1893 முதல் 1950-இல் மறையும்வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். தாம் குறித்த பகுதிகள் நீங்கலாக மற்றவற்றை அழித்துவிடும்படி உயிலில் விதித்திருந்தும், அதன் நிர்வாகிகள் துணியவில்லை; ஆகவே, மாண்ட அன்னையின் ஆவியோடு அவர் பேச முயன்ற அந்தரங்கமும் இன்று யாவரும் படிக்கக் கிடைக்கிறது.