காய்ச்சல் போனபின் வரும் வீக்கம்

சின்ன இதயங்கள் – 11

ஃபான்டான் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். இதயத்தின் இரண்டு கீழறைகளில் ஒன்று மட்டுமே உருப்படியாக வளர்ந்த குழந்தைகளுக்குச் செய்யப்படுவது அது. பிரான்ஸின் போர்தோ நகரில் ஃபிரான்சிஸ் ஃபான்டான் 1968-ல் தொடங்கிவைத்தார். இன்று செய்யப்படும் முறையில், உடலிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தம் இதயத்துக்குள் போகாமல் நேராக நுரையீரலுக்குப் போய்விடுகிறது. தள்ளிவிட பம்ப் இல்லை. அதனால் பெரிய சிரைகளில் அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

இந்த நிலையோடு பிள்ளைகள் வருடக்கணக்கில் பள்ளிக்கூடம் போவார்கள், விளையாடுவார்கள். சிலருக்கு மட்டும், வைரஸ் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன கையோடு சிக்கல் ஆரம்பிக்கிறது. காலையில் கண் இமை தடித்திருக்கும். வயிறு உப்பும். முன்னங்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி உடனே நிரம்பாது. ரத்தத்தைச் சோதித்தால் அல்புமின் சரிந்திருக்கும். புரதம் குடல் வழியே ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வந்தது சாதாரணத் தொற்று. அது ஏன் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது?

சிரையில் அழுத்தம் கூடினால் கல்லீரலிலும் குடலிலும் நிணநீர் அதிகமாகச் சுரக்கும். அது கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடமும் அதே சிரைதான். எனவே வடிய வழியின்றித் தேங்குகிறது. அதைக் குடலுக்குள் கசியவிடாமல் தடுப்பதில் குடலின் உட்சுவர் செல்களில் உள்ள ஹெப்பாரன் சல்ஃபேட் என்ற பொருளுக்குப் பெரும் பங்குண்டு. கலிஃபோர்னியாவில் லார்ஸ் போடே, ஹட்சன் ஃப்ரீஸ் குழுவினர் இதை ஆய்வகச் செல்களில் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஹெப்பாரன் சல்ஃபேட் குறைவது, அழுத்தம் கூடுவது, தொற்றின்போது உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்கள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது கசிவு பல மடங்கானது. அதாவது, தொற்று புதிதாக ஒரு நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உடலைத் தள்ளிவிடுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், ஒழுகுவது அல்புமின் மட்டுமல்ல. நோய் எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளையணுக்களும் சேர்ந்தே போகின்றன. அடுத்த தொற்று இன்னும் எளிதாக நுழையும். அது கசிவை இன்னும் கூட்டும்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பதற வேண்டாம். பெரும்பாலான காய்ச்சல்கள் தீங்கின்றிக் கடந்துவிடும். ஆனால் காய்ச்சல் விட்ட பிறகு வீக்கமோ தொடர்ந்த பேதியோ தெரிந்தால், 'உப்பு கூடிவிட்டது', 'சாப்பாடு சேரவில்லை' என்று தள்ளிப்போடாதீர்கள். ஃபான்டான் ஆன பிள்ளை என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லி, அல்புமின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ளூ உட்பட எந்தத் தடுப்பூசியையும் மருத்துவரைக் கேட்காமல் தவறவிடாதீர்கள்.

இதே நிணநீர் குடலுக்குப் பதில் மூச்சுக்குழாயில் கசிந்தால், ரப்பர் போல இறுகி, கிளைவிட்ட வெள்ளைக் கட்டியாக இருமலில் வெளியே வரும். அந்தக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் உருவான வழியை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)