வினாவைத் தேடி வனத்துக்கு

மேல்நாட்டுப் படிப்பு என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன குளிர்தேசத்து மாடமாளிகைகளும் நூலகங்களும் கறுப்பங்கி அணிந்த பேராசிரியர்களுமே. முழங்கால்வரை இறப்பர்ச் சப்பாத்து அணிந்து, மழையில் நனைந்து, சேற்றில் நின்று எறும்புகளை எண்ணுவதும் அப்படிப்பில் ஒரு பகுதியென்றால் நம்புவார் சிலரே. ஆயினும் அயனமண்டலச் சூழலியலையும் வனவிலங்குப் பாதுகாப்பையும் கற்க விழைந்த அமெரிக்க மாணாக்கர் பலர் அறுபது ஆண்டுகளாக இவ்வாறே கற்று வந்துள்ளனர். அதன்பொருட்டு அவர்கள் தம் நாட்டை விட்டு, மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தா ரிக்கா என்னும் சிறு நாட்டுக்குச் செல்கின்றனர்.

ஏன் செல்லவேண்டும்? உயிரினங்களைப் பற்றிய பாடநூல்கள் நெடுங்காலமாகக் குளிர்நாட்டவரால், குளிர்நாட்டுக் காடுகளைக் கண்டே எழுதப்பட்டன. உயிர்வகைகள் பல்கிப் பெருகிக் கிடப்பதோ வெப்பநாடுகளில். ஊசியிலை மரங்கள் சிலவே நிற்கும் காட்டைப் பார்த்து வகுத்த விதி, நூற்றுக்கணக்கான மரவகைகள் நெருங்கி நிற்கும் காட்டுக்குப் பொருந்துமா? இக்குறையை உணர்ந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, கொஸ்தா ரிக்காப் பல்கலைக்கழகத்தோடு கூடி, 1963ஆம் ஆண்டில் அயனமண்டல ஆய்வுகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தன. லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ் என்னும் வனவியலறிஞருக்குரியதாயிருந்த நிலத்தை 1968இல் அந்நிறுவனம் வாங்கியது. அதுவே லா செல்வா ஆய்வுநிலையம். 'செல்வா' என்னும் சொல் நம் செவிக்குச் செல்வம் போல ஒலிப்பினும், இஸ்பானிய மொழியில் அதற்குக் காடு என்பதே பொருள். பொருள் வேறாயினும் ஒலி பொருத்தமாகத்தான் அமைந்துள்ளது! ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீற்றர் மழை பெய்யும் அவ்விடம் இன்று 1,600 ஹெக்டேயர் அளவில் விரிந்துள்ளது.

அங்கே கற்பிக்கும் முறை, ஆசிரியத் தொழிலில் உள்ள நம்மனோர் ஊன்றி நோக்கத்தக்கது. வகுப்பறையில் வினவுபவர் ஆசிரியர், விடை பகர்பவர் மாணாக்கர் என்பதே நாம் பழகிய முறை. லா செல்வாவிலோ மாணாக்கர் காலையில் காட்டுக்குள் நடந்து, தாமே ஒரு வினாவைக் கண்டுபிடித்தல் வேண்டும். இலைவெட்டி எறும்புகள் ஒரு மரத்தை மொட்டையாக்கிவிட்டு, அடுத்த மரத்தைத் தீண்டாது செல்வது எதனால்? இப்படி ஒரு வினா கிடைத்ததும், அளப்பது எதனை, எத்தனை முறை என்பதைச் சிலருடன் கூடி வகுத்து, பொழுது சாயுமுன் கணக்கெடுத்து, கணித்து, இரவில் எல்லார் முன்னிலையிலும் கூறல் வேண்டும். 'இதனை எவ்வாறு அறிந்தாய்?' என்று சக மாணாக்கரே மடக்குவர். பெரும்பாலான விடைகள் அங்கேயே வீழ்ந்துபடும். மறுநாட் காலை வேறொரு வினா.

இத்தகைய எளிய நோக்கிலிருந்தே பெரிய கருத்துகளும் பிறந்துள்ளன. 1970இல் டானியல் ஜான்சென் என்பவரும், 1971இல் ஜோசப் கொனெல் என்பவரும் தனித்தனியே கூறிய கருத்து அவற்றுள் ஒன்று. தாய்மரத்தின் அடியில் விதைகள் மிகுதியாக விழுகின்றன. அம்மரத்தையே நாடி உண்ணும் பூச்சிகளும் அதனைப் பற்றும் நோய்களும் அங்கேயே மிகுதி. ஆகவே சேய்மையிற் சென்று விழுந்த விதைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். தாய்க்கும் சேய்க்கும் இடைப்பட்ட நிலம் பிறவகை மரங்களுக்குரியதாகிறது. வெப்பநாட்டுக் காட்டில் மரவகைகள் இத்துணை மலிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்றனர் அவர்கள். இதனை உணர்ந்த மாணாக்கன், விதையைச் சுமந்து செல்லும் பறவையையும் வௌவாலையும் வேட்டையாடி அழித்தால், கோடரி படாமலே காடு குன்றத் தொடங்கும் என்பதையும் உணர்வான். சூழலியலும் பாதுகாப்பும் ஒரே பாடமாவது இவ்விடத்திலேதான்.

ஆயினும் காவல் என்பது வேலியடைத்துக் கதவைச் சாத்துவது மட்டுமா? இதற்கு விடை காண, மாணாக்கரை நாட்டின் வடமேற்கே, வரண்ட குவானகாஸ்தே மாகாணத்துக்கு அழைத்துச் செல்வர். அங்கே பாலோ வெர்தே என்னும் சதுப்புநிலம் உண்டு. காட்டுத் தாராக்களும் நாரைகளும் பெருந்திரளாய்க் கூடுமிடம் அது. முன்னர் அது மாட்டுப்பண்ணையின் மேய்ச்சல் நிலமாயிருந்தது. 1970களின் பிற்பகுதியில் பறவைகளின் சரணாலயமாக்கப்பட்டபின், மாடுகள் வெளியேற்றப்பட்டன. மாடு போனால் பறவை பெருகும் என்பதே யாவரும் எதிர்பார்த்தது. நடந்ததோ வேறு. மேய்வாரின்றிச் சம்பு என்னும் உயர்ந்த கோரைப்புல் தழைத்துச் சதுப்பின் பெரும்பகுதியை மூடியது. திறந்த நீர் மறைந்தது. இறங்க இடமின்றிப் பறவைகள் குறைந்தன. ஈற்றில், இரும்புச் சக்கரம் பூட்டிய உழவு இயந்திரத்தைச் சதுப்புக்குள் இறக்கிச் சம்பை நீருக்குள் மிதித்து அமுக்கவேண்டியதாயிற்று; மாடுகளையும் ஓரளவு திரும்ப அழைத்தனர். ஒருமுறை மிதித்தால் முடிந்துவிடும் வேலையுமன்று அது. சம்பு மீண்டும் தளிர்க்கும். கோரைக்குள் உறுமிச் செல்லும் உழவு இயந்திரத்தையே வனப் பாதுகாப்பு என்று காணநேரும் பட்டணத்து மாணாக்கனின் மனத்தில், எத்தனை நூல்கள் படித்தும் உண்டாகாத தெளிவு உண்டாகும் என்றே கருதுகின்றேன்.

அதே மாகாணத்திலே ஜான்செனும் அவர் துணைவியார் வின்னி ஹால்வாக்ஸும் செய்த பணி இன்னொன்று. 1989 தொடக்கம் அவர்கள் கிராமத்து ஆடவரையும் பெண்டிரையும் பயிற்றி, பூச்சிகளைச் சேகரித்து, புழுக்களை வளர்த்து, எந்தப் புழு எந்த இலையை உண்கிறது எனக் குறித்துவைக்கும் தொழிலறிஞராக்கினர். பட்டம் பெறாத இவர்களின் குறிப்புகளிலிருந்தே விஞ்ஞானம் அதுவரை அறியாத பல இனங்கள் தெரியவந்தன.

வெளிநாட்டார் வந்து காட்டைப் பார்த்து, ஆங்கிலத்தில் ஆய்வுரை எழுதிப் பட்டம் பெற்றுப் போகின்றனர். காட்டின் அருகில் வாழ்பவனுக்கு அதனால் ஆவதென்ன என்று சினந்து கேட்பாரும் உளர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. நான்கு மாதம் தங்குபவன் காவலனாகான். அந்நிறுவனம் லத்தீன் அமெரிக்க மாணாக்கருக்கு இஸ்பானிய மொழியிலும் பாடநெறி நடத்தியிருப்பது ஒருவாறு இதற்கு மறுமொழியாகலாம். எனினும், 1980களில் நிலப்பரப்பின் கால்பங்களவுக்குச் சுருங்கிப்போன காட்டை இன்று பாதிக்கு மேலாக்கியவர்கள் அந்நாட்டு மக்களே. காடழித்தலைத் தடுத்து, காடு வளர்ப்போருக்குப் பணமும் கொடுக்க வகைசெய்த 1996ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்கள் இயற்றியதே.

நம் மாணாக்கர் மழைக்காட்டைக் கற்கக் கடல் கடக்கவேண்டியதில்லை. 1988இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்ட சிங்கராஜ வனத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தாரின் முயற்சியால் 25 ஹெக்டேயர் நிலத்திலுள்ள மரங்கள், ஒரு சென்றிமீற்றர் பருமனுள்ள கன்றுவரை, ஒவ்வொன்றாக இலக்கமிட்டு அளக்கப்படுகின்றன. 1980இல் பனாமாவின் பாரோ கொலராடோத் தீவில் தொடங்கிய முறை அது. ஆனால் குவானகாஸ்தே போன்ற வரண்ட காடு நமக்கு வன்னியில் உண்டு. வகுப்பில் மரங்களின் லத்தீன் பெயரை மனனஞ்செய்து ஒப்புவிக்கும் மாணவனைக் காட்டுக்குள் நிறுத்தி, இவற்றுள் பாலை எது, வீரை எது, முதிரை எது என்று கேட்டுப் பாருங்கள். தேனெடுக்கவும் விறகு வெட்டவும் காடேறிப் பழகி, பட்டையைத் தடவியே அவற்றைப் பிரித்துச் சொல்பவர்கள் அக்கிராமங்களில் இன்றும் உளர். அவர்களுட் பலர் முதியோர்.