நேர்முகத் தேர்வில் ஒரு வடிவமைப்பு

பொறியியல் கல்லூரி மாணவர்கள் எழுதிப் பழகிய தேர்வுகளுக்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. கேட்பவருக்கு விடை முன்னரே தெரியும். மாணவரின் விடை அதனோடு பொருந்தினால் மதிப்பெண் உண்டு, பொருந்தாவிட்டால் இல்லை. பதினைந்து பதினாறு ஆண்டுகள் இவ்வாறே பழகிவிட்ட மாணவர், வேலைக்கான நேர்முகத் தேர்வில் முற்றிலும் வேறான ஒரு கேள்வியைச் சந்திக்கிறார். ‘இரயில் பயணச்சீட்டு முன்பதிவுக்கு ஓர் அமைப்பை வடிவமைத்துக் காட்டுங்கள்’ என்று சொல்லி, எழுதுகோலை அவர் கையில் கொடுத்துவிட்டு, கேட்டவர் அமர்ந்துவிடுகிறார். எதிரே வெள்ளைப் பலகை. கையில் முக்கால் மணி நேரம். இதற்கு ஒரே விடை என்பது இல்லை, கேட்டவரிடத்திலும் இல்லை. கணிப்பொறித் துறையினர் இதனைச் ‘சிஸ்டம் டிசைன்’ நேர்காணல் என்பர். அமைப்பு வடிவாக்கம் என்று நாம் சொல்லலாம். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இக்கேள்வி பெரும்பாலும் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர்களிடம் கேட்கப்படுவது. எனினும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களிடமும் சிறிய அளவில் இதைக் கேட்கும் வழக்கம் உண்டு. ஆசிரியனாகவும், நேர்காணல் குழுக்களின் உறுப்பினனாகவும் இருந்து நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத்தில் முதற்பட்டதாரியாக வரும் மாணவர்கள் பாட அறிவில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவருள் பலர் இத்தேர்வில் பின்தங்குகின்றனர். அதற்குக் காரணம் அறிவின்மை அன்று. எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இன்மையே. அண்ணனோ அக்காளோ அத்துறையில் இருக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இத்தேர்வின் போக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. மற்றவர்க்கு அதைச் சொல்வார் இல்லை. சொல்லித்தந்தால் வந்துவிடக்கூடிய ஒன்றுக்காக ஓர் இளைஞரின் வாழ்வு திசைமாறிப் போவது தகுமா?

தேர்வாளர் எதை எதிர்பார்க்கிறார்? முழுமையான ஓர் அமைப்பை அன்று. நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் பல ஆண்டுகள் முயன்று கட்டியதை முக்கால் மணி நேரத்தில் ஒருவர் கட்டிவிட முடியாது என்பதை அவர் அறிவார். தெளிவில்லாத ஒரு சிக்கலை இவர் எப்படித் தெளிவுபடுத்துகிறார், எதை முதலில் எண்ணுகிறார், ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்கும்போது காரணம் சொல்கிறாரா என்பவற்றையே அவர் நோக்குகிறார். நாளை இவரோடு ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்ய இயலுமா என்பதே அவர் உள்ளத்தில் இருக்கும் கேள்வி.

ஆகவே, முதற்படி கேட்டல். கேள்வி காதில் விழுந்தவுடன் பலகையில் கட்டம் போடத் தொடங்குவோர் பலர். அது வீட்டுக்காரரைக் கேளாமலே கடைக்கால் தோண்டுவதைப் போன்றது. பயணச்சீட்டு முன்பதிவு என்றால் எவையெவை? வண்டிகளைத் தேடுவதா, இருக்கை ஒதுக்குவதா, பணம் பெறுவதா, காத்திருப்போர் பட்டியலா, சீட்டை நீக்குவதா? எத்தனை பேர் பயன்படுத்துவர்? எந்த நேரத்தில் கூட்டம் மிகுதி? இவற்றைக் கேட்பது அறியாமையின் அடையாளம் அன்று. தேர்வாளர் கேள்வியை வேண்டுமென்றே அரைகுறையாக விட்டிருக்கிறார். அதை நிறைவு செய்வதே தேர்வின் முதற்பகுதி.

இரண்டாம் படி கணக்கிடுதல். இங்கே நுண்கணிதம் வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும். ஒரு நாளில் பத்து இலட்சம் சீட்டுகள் விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சீட்டின் விவரங்களுக்கு ஆயிரம் பைட்டுகள் என்று கொண்டால், நாள் ஒன்றுக்கு நூறு கோடி பைட்டுகள், அதாவது ஒரு ஜிகாபைட். ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 365 ஜிகாபைட்டுத்தான். இன்றைய சாதாரண வட்டு ஒன்றில் அது அடங்கிவிடும். ஆகவே சேமிப்பிடம் இங்கே சிக்கலே அன்று. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். பத்து இலட்சத்தை அதனால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு சீட்டுகள். இதுவும் எளிதாகவே தோன்றுகிறது.

ஆனால் சராசரி நம்மை ஏமாற்றிவிடும். இந்திய இரயில்வேயில் தட்கல் முன்பதிவு 2015ஆம் ஆண்டு முதல் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கப்படுகிறது. நாடெங்கும் உள்ள மக்கள் அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கின்றனர். 2014ஆம் ஆண்டு இரயில்வே வரவுசெலவுத் திட்ட உரையில், இணையவழி முன்பதிவின் திறன் நிமிடத்துக்கு 2,000 சீட்டுகளிலிருந்து 7,200 சீட்டுகளாக உயர்த்தப்படும் என்றும், ஒரே நேரத்தில் 1,20,000 பேர் பயன்படுத்த இடமளிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. இவ்வெண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 7,200 என்றால் விநாடிக்கு 120. ஒரு இலட்சத்து இருபதாயிரம் பேரும் ஒரே கணத்தில் ஆளுக்கொரு சீட்டுக் கேட்டால், கடைசி ஆளின் முறை வர 1,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ பதினேழு நிமிடங்கள் ஆகும். வடிவமைப்பாளர் தீர்க்க வேண்டிய சிக்கல் அந்தப் பதினேழு நிமிடங்களில்தான் இருக்கிறது. இதைக் கணக்கிட்டுச் சொல்லும் மாணவரைத் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்றாம் படி, முழு வழியையும் எளிமையாக வரைந்து காட்டுதல். பயணியின் கைப்பேசியிலிருந்து வேண்டுகோள் புறப்படுகிறது. வாயிலில் நிற்கும் ஒரு பங்கீட்டுக் கருவி அதனைப் பல சர்வர்களுள் ஒன்றுக்கு அனுப்புகிறது. அந்தச் சர்வர் தரவுத்தளத்தைக் கேட்டு விடை சொல்கிறது. முதலில் இவ்வளவு போதும். பிறகு எங்கே நெரிசல் நேரும் என்று பார்க்க வேண்டும்.

வண்டிகளைத் தேடுவோர் பலர். சீட்டு வாங்குவோர் சிலர். எந்த ஊருக்கு எந்த வண்டி என்னும் கால அட்டவணை அடிக்கடி மாறுவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் தேடுவானேன்? ஒரு படியை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் என்ன? இதற்குக் ‘கேஷ்’ என்று பெயர். நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். சுழலும் வட்டில் தேடி எடுக்கவோ நூறில் ஒரு பங்கு. முன்னதை ஒரு விநாடியாகக் கருதினால் பின்னது ஓர் இலட்சம் விநாடி. ஒரு முழு நாளுக்கும் மேல். கேஷ் என்னும் சொல்லை அறிந்திருப்பது பெரிதன்று. அது ஏன் வேண்டும் என்பதை இவ்வாறு எண்ணால் விளக்குவதே பெரிது.

இனி நான்காம் படி. சிக்கலின் உயிர்நிலை எதுவோ அங்கே ஆழ்ந்து இறங்குதல். நம் எடுத்துக்காட்டில் அது கடைசிப் படுக்கை. ஒரே ஒரு படுக்கை எஞ்சியிருக்கிறது. மதுரையில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே கணத்தில் அதைக் கேட்கின்றனர். இரு சர்வர்களும் தரவுத்தளத்தைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் ‘ஒன்று உண்டு’ என்றே விடை கிடைக்கிறது. இரண்டும் விற்றுவிட்டால், இரவு வண்டியில் ஒரே படுக்கைக்கு இருவர் வந்து நிற்பர். எனவே, பார்ப்பதும் குறைப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நிகழ வேண்டும். ஒருவர் செயல் முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். இதனைத் தரவுத்தள நூல்கள் ‘டிரான்சாக்‌ஷன்’ என்னும் தலைப்பில் விளக்குகின்றன. இத்துறையை வளர்த்த ஜிம் கிரே என்னும் அறிஞருக்கு 1998ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது வழங்கப்பட்டது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்த அப்பாடம், இந்தக் கடைசிப் படுக்கையின் முன் உயிர்பெற்று எழுவதைக் காணலாம்.

அதே இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பயணியின் பணம் வங்கியிலிருந்து கழிந்துவிட்டது. அந்தச் செய்தி வந்து சேருமுன் தொடர்பு அறுந்தது. பயணி மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். இரண்டு முறை பணம் போகலாமா? ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எண் ஒன்று கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் புதிய செயலைத் தொடங்காமல் பழைய விடையையே திருப்பிச் சொல்லுமாறு அமைக்க வேண்டும். மாதக் கடைசியில் இருப்பதைத் திரட்டிச் சீட்டு வாங்கும் ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவர் கணக்கில் இருமுறை பணம் கழியாமல் காப்பது இந்தச் சிறிய எண்தான்.

ஐந்தாம் படி, விட்டுக்கொடுப்பதை அறிந்து விட்டுக்கொடுத்தல். பல இடங்களில் பரந்திருக்கும் கணிப்பொறிகளுக்கு இடையே தொடர்பு அறுந்தால், எல்லா இடத்திலும் ஒரே செய்தி இருப்பதையும், எல்லா இடத்திலும் உடனே விடை கிடைப்பதையும் ஒருசேரக் காக்க இயலாது. எரிக் புரூவர் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த இக்கருத்தை, 2002இல் கில்பர்ட், லிஞ்ச் என்னும் இருவர் கணித முறையில் மெய்ப்பித்தனர். இதனை அப்படியே ஒப்பித்தால் பயனில்லை. நம் சிக்கலில் பொருத்திக் காட்ட வேண்டும். ‘இன்னும் எத்தனை இடங்கள் உண்டு’ என்று காட்டும் எண் சில விநாடிகள் பழையதாக இருந்தால் பெருங்கேடு இல்லை. அங்கே விரைவைத் தேர்ந்தெடுக்கலாம். இருக்கையை ஒதுக்கும் இடத்திலோ, பிழையான விடையைக் காட்டிலும் ‘சற்றுப் பொறுங்கள்’ என்பதே மேல். ஒரே அமைப்பின் இரு பகுதிகளில் இரு வேறு முடிவுகள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரயில்வேயின் கணிப்பொறி முன்பதிவு 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கியது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து மையங்கள் 1999இல் ஒரே வலையில் இணைக்கப்பட்டன. இணையவழிச் சீட்டு 2002இல் வந்தது. வண்டிகளின் கணக்கு அம்மையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. சென்னைக்குரிய வண்டியில் இடம் வேண்டுமாயின், டெல்லியில் கேட்டாலும் சென்னையின் கணக்கே விடை சொல்லும். ஒரு வண்டிக்கு ஒரே கணக்கு, ஆனால் எல்லா வண்டிக்கும் ஒரே இடம் அன்று. தரவைப் பகுத்தல் என்று இன்று பாடமாகச் சொல்லப்படுவது இதுவே.

இறுதிப் படி, பழுதுபடுவதை எண்ணுதல். ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் இயங்கும் என்பது பெருமையாகத் தோன்றும். ஆனால் அது ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் இயங்காமலிருக்க இடம் தருவதாகும். 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடங்கள். அந்த 53 நிமிடங்கள் காலைப் பத்து மணியில் தொடங்கினால் என்ன ஆகும்? நூறில் ஒரு பங்கு நேரம் பழுதாகும் சர்வர் ஒன்றுக்குத் துணையாக இன்னொன்றை வைத்தால், இரண்டும் ஒருங்கே பழுதாகும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்சார இணைப்பு என்றால் இக்கணக்குப் பொய்த்துப்போகும். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையத்தளம் 2013 அக்டோபர் 1ஆம் நாள் திறக்கப்பட்டபோது, கூட்டத்தைத் தாங்காமல் தடுமாறியது. முதல் நாளில் பதிவை முடித்தவர் ஆறே பேர் என்று பின்னர் வெளிவந்த குறிப்புகள் கூறின. பொருட்செலவு குறைவால் நேர்ந்ததன்று அது. முழு அமைப்பையும் உரிய அளவில் சோதித்துப் பாராமல் திறந்ததன் விளைவு.

மாணவர்களே, இதற்கு எப்படி ஆயத்தம் செய்வது? இன்று கேள்வியும் விடையுமாக அச்சிட்ட தொகுப்புகள் எளிதில் கிடைக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து வருவோரைக் கண்டுபிடிக்கத் தேர்வாளருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இது ஏன்?’ ஆகவே அடிப்படையைப் படியுங்கள். இயங்குதளம், வலையமைப்பு, தரவுத்தளம் ஆகிய மூன்று பாடங்களிலேயே இத்தேர்வின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. சிறியதொன்றை நீங்களே கட்டிப் பாருங்கள். விடுதி உணவுச் சீட்டோ, நூலகக் கணக்கோ எதுவாயினும் சரி. அதை இருபது நண்பர்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தச் சொல்லுங்கள். எங்கே முறிகிறது என்று பாருங்கள். பிறகு, கூகுள் பொறியாளர்கள் தம் கோப்பு அமைப்பைப் பற்றி 2003இல் எழுதிய கட்டுரையையும், அமேசான் பொறியாளர்கள் ‘டைனமோ’ பற்றி 2007இல் எழுதியதையும் பொறுமையாகப் படியுங்கள். தாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்பதை அவர்களே அவற்றில் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மாலையில் இருவர் அமருங்கள், ஒருவர் கேட்கட்டும், மற்றவர் விளக்கட்டும், மறுநாள் மாறிக்கொள்ளுங்கள். முதலில் தமிழிலேயே பேசுங்கள். தாய்மொழியில் தெளிவாகச் சொல்லத் தெரிந்ததை எளிய ஆங்கிலத்தில் சொல்ல நீண்ட நாள் ஆகாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததிலிருந்து எப்படி நெருங்குவீர்கள் என்று விளக்குங்கள். தேர்வாளர் மறுத்துரைத்தால் அஞ்ச வேண்டா. அவர் சொல்வதில் உண்மை இருந்தால் வரைபடத்தை மாற்றுங்கள்.

வேலை ஒருவருக்கு முதல் முயற்சியில் கிடைக்கலாம், மற்றொருவருக்கு நான்காம் முயற்சியில் கிடைக்கலாம். ஆனால் கேட்டு, கணக்கிட்டு, வரைந்து, பழுதை எண்ணி, காரணம் சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் அது வீணாவதில்லை. நாளை நீங்கள் கட்டப்போகும் அமைப்பின் மறுமுனையில், உங்களை அறியாத இலட்சக்கணக்கானோர் காத்திருப்பர். ஊர் திரும்ப ஒரு சீட்டு வேண்டி நிற்கும் அவர்களை மனத்தில் கொண்டு வரையத் தொடங்குங்கள். கோடுகள் தாமே தெளிவு பெறும்.