போனைப் பிடுங்கினால் போதுமா?

பெங்களூரு நகரம். இரவு மணி ஒன்று. ஒரே ஓர் அறை உள்ள வீடு. எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஒரு போர்வைக்குள் மட்டும் வெளிச்சம் தெரிகிறது.

அம்மா எழுந்து பார்க்கிறார். மகன் தூங்கவில்லை. செல்போனில் விளையாடிக்கொண்டிருக்கிறான்.

"இன்னுமா தூங்கவில்லை? காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?"

"இதோ, ஐந்தே நிமிடம் அம்மா."

ஐந்து நிமிடம் ஒரு மணி நேரம் ஆகிறது.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். 2020-இல் கொரோனா வந்தது. பள்ளிகளை மூடினார்கள். பாடங்கள் செல்போனில் நடந்தன. அப்போது மகன் நான்காம் வகுப்பு. கடன் வாங்கி அவனுக்கு ஒரு செல்போன் வாங்கினார்கள். பிறகு பள்ளி திறந்தது. மகன் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தான். செல்போன் மட்டும் அவன் கையை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு நாள் அப்பாவுக்குக் கோபம் வந்தது. போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். போன் உடைந்தது. மகன் கத்தினான். தலையைச் சுவரில் மோதிக்கொண்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் நண்பனின் போனில் விளையாடத் தொடங்கினான்.

போன் போனது. பழக்கம் போகவில்லை.

இது ஒரே ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொன்ன கதை.

இது எப்போது நோய் ஆகிறது?

செல்போனால் நமக்குப் பல நன்மைகள் உண்டு. வெளியூரில் இருக்கும் மகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாம். பணம் அனுப்பலாம். பாடம் படிக்கலாம். மழை வருமா என்று அறியலாம். செல்போன் பார்ப்பவர்கள் எல்லோரும் நோயாளிகள் ஆகிவிட மாட்டார்கள்.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? நான்கு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்.

1. எந்த நேரமும் அதே நினைவு. சாப்பிடும்போதும் அதே ஏக்கம்.

2. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை.

3. போன் இல்லாவிட்டால் எரிச்சல், கோபம், படபடப்பு.

4. படிப்பு, வேலை, தூக்கம், உறவு எல்லாம் கெடுகின்றன. அது தெரிந்தும் தொடர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் ஒரு புதிய நோயைச் சேர்த்தது. செல்போன், கணினி போன்றவற்றில் விளையாட்டை விட முடியாத நிலைதான் அந்த நோய். 2019-இல் உலக நாடுகள் இந்தப் பட்டியலை ஏற்றன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒருநாள் இரண்டு நாள் ஆட்டத்தை நோய் என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் ஓர் ஆண்டாவது இந்த நிலை நீடித்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையும் கெட்டிருக்க வேண்டும். அதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் உதவி கேட்க ஓர் ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை.

ஏன் விட முடிவதில்லை?

விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்தால் அடுத்த கட்டம் வருகிறது. எப்போது பரிசு வரும் என்று தெரியாது. அதனால் "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று தோன்றுகிறது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானே ஓடுகிறது. மூடி வைத்தாலும் மணி அடித்துக் கூப்பிடுகிறது. நாம் அதிக நேரம் பார்த்தால் அந்த நிறுவனங்களுக்கு அதிக வருமானம். அதற்கு ஏற்றபடிதான் பல விளையாட்டுகளையும் வீடியோ செயலிகளையும் செய்கிறார்கள். வளரும் பிள்ளையால் இதை எதிர்த்து நிற்பது கடினம். பெரியவர்களாலேயே முடிவதில்லையே!

ஆசிரியை கேட்ட கேள்வி

மகன் வகுப்பில் தூங்குவதை ஆசிரியை பார்த்தார். அவர் இதற்காக ஒரு பயிற்சிக்குப் போய் வந்தவர். முன்பு என்றால் "ராத்திரி என்ன செய்தாய்?" என்று அதட்டியிருப்பார். இப்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனை மணிக்குத் தூங்குகிறாய்? அந்த விளையாட்டில் உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

அவன் முதலில் பேசவில்லை. பிறகு சொன்னான்: "டீச்சர், கணக்கு எனக்குப் புரியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். விளையாட்டில் நான்தான் தலைவன். நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள்."

ஆசிரியைக்குப் புரிந்தது. கொரோனா காலத்தில் விட்ட கணக்கு அது. அந்த வெட்கத்தை மறக்க அவன் போனுக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

பயிற்சியில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், ஆலோசகர்கள் கற்பது இதைத்தான். எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று கேட்டால் மட்டும் போதாது. ஏன் பார்க்கிறான் என்றும் கேட்க வேண்டும். சிலருக்குத் தனிமை. சிலருக்குப் பயம். சிலருக்கு மனச்சோர்வு. வீட்டில் சண்டை என்றாலும் பிள்ளை போனைத் தேடும். காரணம் தெரிந்தால்தான் வழி தெரியும்.

மருத்துவமனையில்

பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே 2014-இல் இதற்காகவே ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள். அதற்கு "ஷட் கிளினிக்" என்று பெயர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. நிம்ஹான்ஸ் பிரிவில் சிகிச்சையோடு பயிற்சியும் தருகிறார்கள். மனநல ஊழியர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள் பயிற்சி பெறுகிறார்கள்.

ஆசிரியையின் சொல்லைக் கேட்டு அம்மாவும் அப்பாவும் மகனை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மருத்துவர் மகனிடம் தனியாகப் பேசினார். பிறகு பெற்றோரிடம் பேசினார்.

அம்மா தயங்கினார். "டாக்டர், எனக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும். நான் எப்படி அவனைத் திருத்துவேன்?"

மருத்துவர் சொன்னார்: "போனைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டாம் அம்மா. பிள்ளையைத் தெரிந்தால் போதும். எப்போது தூங்குகிறான், எப்போது சிரிக்கிறான், யாரோடு பழகுகிறான் என்று பாருங்கள். அது உங்களால் முடியும்."

அப்பாவிடம் கேட்டார்: "நீங்கள் இரவில் எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கிறீர்கள்?"

அப்பா தலையைக் குனிந்தார். "பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும்."

குடும்பம் கற்றது

மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். சில விதிகள் வைத்துக்கொண்டார்கள். அம்மா எழுதப் படிக்கக் கற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவரே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்:

• சாப்பிடும்போது யார் கையிலும் போன் இருக்காது.

• இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போன்களும் அலமாரிக்குள். அப்பாவின் போனும்தான்.

• வீட்டுப்பாடம் முடிந்த பிறகே விளையாட்டு. ஒரேயடியாக நிறுத்தாமல் வாரா வாரம் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

• கோபம் வந்தால் அப்போது பேசக் கூடாது. கோபம் அடங்கிய பிறகு பேச வேண்டும்.

போனை எடுத்த இடத்தில் வேறு ஒன்றை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழக்கம் திரும்பி வரும். மகன் மாலையில் தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாடப் போனான். ஆசிரியை வாரம் இரண்டு நாள் கணக்குச் சொல்லித் தந்தார். இரவில் அம்மா பாடப் புத்தகத்தை உரக்கப் படித்தார். தவறு வந்தால் மகன் திருத்தினான். "சரியாகப் படிக்கிறாயே அம்மா!" என்றான். அம்மாவுக்கு அது பெரிய மகிழ்ச்சி.

இரண்டாம் மாதம் மகன் விதியை மீறினான். இரவெல்லாம் விளையாடினான். அப்பா கையை ஓங்கினார். பிறகு கையை இறக்கினார். காலையில் மெதுவாகப் பேசினார். இப்படிச் சறுக்குவது இயல்பு. நடக்கப் பழகும் குழந்தை விழுந்து விழுந்துதான் எழுகிறது.

பணம் போகும் வழி

சில விளையாட்டுகளில் ஆயுதம், உடை வாங்கப் பணம் கேட்பார்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எதையும் வாங்க விடக் கூடாது. வங்கி அட்டை விவரத்தை விளையாட்டில் பதிந்து வைக்கக் கூடாது. வங்கியின் ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டாம். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் இணைய ஆட்டங்களால் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

சின்னக் குழந்தைகள்

அழும் குழந்தை கையில் போனைக் கொடுத்துச் சோறு ஊட்டுவது இன்று பல வீடுகளில் நடக்கிறது. இரண்டு வயது ஆகும் வரை குழந்தைக்குத் திரை தேவையில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைத்தால் இன்னும் நல்லது. இது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

உடனே உதவி கேளுங்கள்

"செத்துப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்று தள்ளிவிடக் கூடாது. தனியாக விடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசின் "டெலி மனஸ்" மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் பேசலாம்.

அந்தப் பெங்களூரு வீட்டில் இப்போதும் செல்போன் இருக்கிறது. மகன் சில நேரம் விளையாடுகிறான். ஆனால் இரவு ஒன்பதரைக்கு அலமாரிக் கதவு மூடுகிறது. போர்வைக்குள் வெளிச்சம் தெரிவதில்லை.

கலந்து பேசுங்கள்

1. அப்பா போனை உடைத்தார். அதனால் பழக்கம் போனதா? ஏன்?

2. மகன் விளையாட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் என்ன?

3. உங்கள் வீட்டில் சுவரில் ஒட்ட என்ன விதி எழுதுவீர்கள்? அதைப் பெரியவர்களும் கடைப்பிடிப்பார்களா?