பாம்புக்கடி மனு பேரவைக்குப் போகும் வழி

சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள். வெள்ளியில் செய்த பாம்பு உருவை உண்டியலில் போடுவார்கள். சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் வழிபட்ட தலம் என்பது நம்பிக்கை. பாம்புப் பயம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. அங்கிருந்து ராஜபாளையம் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்தால் கரிவலம்வந்தநல்லூர். பால்வண்ணநாதர் கோயிலைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றி வயல். இந்தப் பக்கத்துப் பூ, சங்கரன்கோவில் சந்தைக்கு மொட்டாகவே போய்ச் சேர வேண்டும் என்பதால் பறிக்கிறவர்கள் விடியுமுன்னே தோட்டத்தில் இறங்குகிறார்கள்.

ஒரு மனுவைக் கற்பனை செய்துகொள்வோம். அப்படி இருட்டில் பூப் பறிக்கும்போது பாம்பு கடித்த ஒருவரின் அண்ணன், தொகுதி எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வருகிறார். “அண்ணாச்சி, ராத்திரியில ஒரு டாக்டர இருக்கச் சொல்லுங்க, மருந்து இல்லன்னு திருநெல்வேலிக்கு அனுப்பிட்டாங்க” என்று சொல்லிக் காகிதத்தை நீட்டுகிறார். அதை வாங்குவது எம்.எல்.ஏ. அல்ல, அவருடைய பி.ஏ. வழக்கமாக என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘தக்க நடவடிக்கைக்காக’ என்று எழுதி, முத்திரை குத்தி, மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். மனு அங்கே ஒரு கோப்பில் உட்கார்ந்துகொள்ளும்.

இதே மனு பேரவையில் ஒரு கேள்வியாக எழ வேண்டுமானால் பி.ஏ.வுக்கு இன்னும் இரண்டு மணி நேர வேலை இருக்கிறது. இது ஒருவருடைய துரதிர்ஷ்டமா, வட்டாரம் முழுவதற்குமான குறையா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். கட்சி சார்பற்ற ஆய்வு அமைப்புகள் அதற்குத்தான் உதவும்.

அமெரிக்காவில் இதற்கென்றே பெரிய ஏற்பாடு உண்டு. அங்கே ஒவ்வொரு உறுப்பினருக்கும் சுகாதாரத்துக்கென உதவியாளர் இருப்பார். அவர் நாடாளுமன்ற ஆய்வுச் சேவையைக் கூப்பிட்டு, வெளியே போகாத குறிப்பு ஒன்று எழுதித் தரச் சொல்லலாம். 1914இல் தொடங்கிய அமைப்பு அது. மசோதாவுக்கு என்ன செலவாகும், யாருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட 1974இல் உருவான நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் இருக்கிறது. அதன் தன்மையைக் காட்ட 2017 ஒன்று போதும். ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தை நீக்க இரு அவைகளிலும் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி முனைந்தது. அலுவலகத்தின் இயக்குநர் அதே கட்சித் தலைவர்கள் தேர்ந்தெடுத்தவர். ஆனாலும் அந்த ஆண்டு மார்ச்சில் வந்த அறிக்கை, மசோதா நிறைவேறினால் 2026க்குள் காப்பீடு இல்லாதவர்கள் 2.4 கோடிப் பேர் கூடுவார்கள் என்று சொன்னது. ஆளுங்கட்சி கோபப்பட்டது, எண் மாறவில்லை. ஜூலையில் செனட்டில் அந்த முயற்சி 51க்கு 49 என்று தோற்றது. அந்த எண் மட்டுமே தோற்கடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விவாதம் முழுக்க அந்த எண்ணைத் தாண்டி யாராலும் பேச முடியவில்லை.

நம் நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வு, தகவல் சேவை இருக்கிறது. வெளியே, 2005இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் இருக்கிறது. மசோதாவை ஆதரிக்கிறோம், எதிர்க்கிறோம் என்று அது சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எங்கே இடிக்கிறது என்று மட்டும் சொல்லும். 2010இல் அது தொடங்கிய ‘லாம்ப்’ திட்டத்தில் இளைஞர்கள் எம்.பி.க்களிடம் சில மாதங்கள் உதவியாளராக வேலை செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டப்பேரவைப் பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. 234 உறுப்பினர்களுக்குக் கோட்டையில் பேரவை நூலகம் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவைப் போல மசோதாவுக்குக் கணக்குப் போட்டுத் தரும் தனி அமைப்பு இல்லை. கேரளத்தில் 1980 முதல் துறைவாரியான பேரவைக் குழுக்கள் இருக்கின்றன. இங்கே அதுவும் இல்லை. மருத்துவத்தில் முன்னோடி என்று பெருமைப்படும் மாநிலத்துக்கு இது குறைதான். டெல்லியில் பேரவை ஆய்வு மையம் வைத்து இளம் ஆய்வாளர்களை அமர்த்தினார்கள். துணைநிலை ஆளுநரின் ஒப்புதல் பெறவில்லை என்று 2023 ஜூலையில் அவர்களை நீக்கினார்கள். அமெரிக்காவிலும் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தை 1995இல் மூடினார்கள். நடுநிலையாகப் பேசுகிறவருக்கு ஆட்சியில் இருப்பவர்களிடம் நண்பர்கள் குறைவு.

ஆகவே நம் பி.ஏ. இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். பாம்புக்கடிக்கு நேர் விடை பி.ஆர்.எஸ். பக்கத்தில் கிடைக்காது. மாநில பட்ஜெட் பற்றிய அதன் ஆண்டுக் குறிப்பு, மருத்துவத்துக்கு நம் மாநிலம் ஒதுக்கும் பங்கை மற்ற மாநிலங்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் காட்டும். பணம் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு அது போதும். மருந்து இருந்ததா என்ற இரண்டாவது கேள்விக்குத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கைகளைப் புரட்ட வேண்டும். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பைப் பற்றி 2016 முதல் 2022 வரையிலான காலத்துக்குத் தனித் தணிக்கையே நடந்திருக்கிறது. தணிக்கை அறிக்கையைப் பலர் ஊழல் தேடிப் படிக்கிறார்கள். காலிப் பணியிடம், தீர்ந்துபோன மருந்து, ஓடாத கருவி இவற்றைத் தேடிப் படித்தால்தான் தொகுதிக்குப் பயன்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் வழுக்கும் இடம்: எத்தனை பேர் கடிபடுகிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள்? அரசின் ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் 2023இல் தமிழ்நாட்டில் பதிவானது 19,795 கடிகள், 43 இறப்புகள். வீடு வீடாக இறப்பை விசாரித்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக அது மதிப்பிட்டது. அவசரக்காரர் உடனே 58,000ஐ மக்கள்தொகைப்படி பங்கிட்டு, தமிழ்நாட்டில் மூவாயிரம் பேர் சாகிறார்கள் என்று பேச்சில் எழுதிவிடுவார். அமைச்சர் எழுந்து அந்த ஒரு எண்ணையே பிடித்துக்கொள்வார், விவாதம் முடிந்தது. இறப்புகளில் சுமார் 70 விழுக்காடு பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட எட்டு மாநிலங்களில் என்று அதே ஆய்வு சொல்கிறது. அந்தப் பட்டியலில் நாம் இல்லை. அதற்காக 43 என்பதையும் நம்பிவிட முடியாது. வழியில் இறந்தவர், நாட்டு மருந்துக்குப் போனவர், தனியார் மருத்துவமனையில் இறந்தவர் எல்லோரும் அதில் வந்தார்களா என்பது கேள்வி. அரசுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது போலிருக்கிறது. 2024 நவம்பரில் 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் இனி தெரிவித்தாக வேண்டும். பேரவையில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்: அறிவிப்புக்குப் பிறகு, சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்தில் எத்தனை பதிவுகள் வந்தன, அவற்றில் தனியார் பங்கு எவ்வளவு?

தென்காசி என்றதும் இன்னொரு வம்பு. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22. எல்லோரும் மேற்கோள் காட்டும் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2017இல் இருந்த மாவட்ட எல்லைகளை வைத்து நடந்தது. அதில் தென்காசிக்குத் தனிப் பக்கம் கிடையாது, பழைய திருநெல்வேலிதான். கரிவலம்வந்தநல்லூரையும் பாளையங்கோட்டையையும் ஒரே சராசரியில் போட்டுக் கலக்கிய எண் அது. இரத்தசோகை பற்றியோ சிசேரியன் பற்றியோ பேசும்போது அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறவர் இதை ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது.

எண்கள் கையில் வந்த பிறகு கேள்வியை எழுதுவதில்தான் திறமை. “ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடிக்கு மருந்து உள்ளதா?” என்று கேட்டால் “ஆம்” என்று பதில் வரும். அத்துடன் சரி. சிகிச்சை நெறிமுறைப்படி முதல் தவணைக்கே பத்துக் குப்பி வரை விஷமுறிவு மருந்து வேண்டும். இரண்டு குப்பி வைத்திருந்தாலும் “ஆம்” பொய்யில்லையே! “சங்கரன்கோவில் தாலுகாவில் பத்துக் குப்பிக்குக் குறையாமல் இருப்பு வைத்திருக்கும் நிலையங்கள் எவை? கடந்த ஓராண்டில் முதல் தவணை போடாமலே மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்?” என்று கேட்டால் துறை கணக்குப் பார்த்தாக வேண்டும். குப்பிக் கணக்கு 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகத்தில் இருக்கும். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் மூச்சு நிற்கும். அதற்குச் செயற்கை சுவாசக் கருவி வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பது நியாயமில்லை, தாலுகா மருத்துவமனையில் கேட்பது நியாயம். மருத்துவர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கேள்வியை எழுதினால் இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

கேள்வி நேரத்தில் இடம் கிடைக்காவிட்டால் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. மக்கள் நல்வாழ்வுத் துறையின் கோரிக்கை எண் 19. அன்று கொடுக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தடித்த புத்தகம். சென்ற ஆண்டுக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன வருடம் சொன்னது இந்த வருடம் எங்கே போயிற்று என்று பார்ப்பதே பாதி ஆய்வு. இதற்கு எந்த ஆய்வு நிறுவனமும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும். பல உறுப்பினர்களின் பேச்சு பாராட்டில் தொடங்கிப் பாராட்டிலேயே முடிவதால் அந்தப் பென்சிலுக்கு வேலை வருவதில்லை.

ஆய்வு அமைப்பு சொல்லாததும் ஒன்று உண்டு. ராத்திரி மருத்துவரை எல்லா நிலையத்திலும் வைப்பதா, 108 வண்டியைக் கூட்டுவதா, தாலுகா மருத்துவமனையைப் பலப்படுத்துவதா? மூன்றுக்கும் ஆகும் செலவையும் கிடைக்கும் பலனையும் அது அருகருகே வைக்கும். எது வேண்டும் என்று தீர்மானிப்பது ஓட்டு வாங்கி வந்தவர் வேலை. அதை ஆய்வாளர் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். ஆய்வே பார்க்காமல் தீர்மானிப்பது அதைவிட மோசம்.

மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘மருந்து இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். கடித்த நேரம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரம், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை குப்பி போட்டார்கள், எங்கே அனுப்பினார்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்பிய சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.